முந்தின ராத்திரியே பாதி வேலை

பெயரையும் வயதையும் சரிபார்த்த கையோடு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கடைசியாப் போனது என்ன கலர்ல போச்சு?" எண்டோஸ்கோப்பி அறை வாசலில், பக்கத்தில் மருமகளும் சம்பந்தியும் நிற்கும்போது இப்படிக் கேட்டால் பெரியவர்கள் கூசிப்போவார்கள். "நல்லாப் போச்சும்மா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த 'நல்லா'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கட்டியாகப் போயிற்றா, கலங்கலாகப் போயிற்றா, பீங்கானின் அடி தெரிகிற மாதிரி மஞ்சள் தண்ணீராகப் போயிற்றா என்று விடாமல் கேட்பேன். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வேண்டும். வேறு எதுவாக இருந்தாலும் இன்னொரு லிட்டர் மருந்துத் தண்ணீரைக் கையில் கொடுத்து, கழிப்பறைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிடுவேன். டாக்டர் அவசரப்படுவார். படட்டும்.

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கோலனோஸ்கோப்பிக்கு உதவும் நர்ஸ் நான். பிரசவ வார்டிலிருந்து இந்த அறைக்கு மாற்றியபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது என் மகளே நர்சிங் படிக்கிறாள். "போயும் போயும் இந்த வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதுண்டு. பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை, வராமல் தடுப்பதும் வந்ததை முளையில் பிடிப்பதும் பெரும்பாலும் இந்த வேலையில்தான் நடக்கிறது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சிரித்து வைத்திருக்கிறேன்.

வெளியாட்கள் நினைப்பது போல இதில் பெரிய விஷயம் கேமரா அல்ல. குடல் சுத்தம். பாக்கெட்டில் வரும் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். அது உடம்பில் ஊறாது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலை அலசியபடி நேரே கீழே இறங்கிவிடும். உப்புக் கரிக்கும், கூடவே ஒரு செயற்கை எலுமிச்சை வாசனை. ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று குடித்தால் சமாளிக்கலாம். முன்பெல்லாம் இரண்டு லிட்டரையும் முந்தின நாள் சாயங்காலமே குடிக்கச் சொல்லி அனுப்புவோம். ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்த நீர், விடிவதற்குள் வலப்பக்கக் குடலில் பசைபோலப் பூசிக்கொண்டிருக்கும். பாதியைச் சாயங்காலமும் மறுபாதியை விடியற்காலையும் குடிக்கச் சொல்ல ஆரம்பித்தபிறகு அந்தப் பூச்சு வெகுவாகக் குறைந்தது. தூக்கம் கெடுகிறது என்று திட்டுவார்கள். ஆனால் தட்டையாக, தோலோடு தோலாக ஒட்டிக்கிடக்கும் பாலிப்புகள், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள், வலப்பக்கத்தில்தான் அதிகம். பூச்சுக்கு அடியில் அவை இருந்தால் எவ்வளவு பெரிய டாக்டருக்கும் தெரியாது.

சாப்பாட்டு விஷயத்தை நானே உட்கார்ந்து சொல்வேன். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கேழ்வரகு, சுண்டல், வெண்டைக்காய், தக்காளி, கொய்யா வேண்டாம். ஸ்கோப் என்கிற அந்தக் கேமராக் குழாயில் உறிஞ்சுதுளையின் அகலம் நாலு மில்லிமீட்டர் அளவுதான். ஒரு கொய்யா விதை போய் அடைத்தால் மொத்தப் பரிசோதனையும் நின்றுவிடும். முந்தின நாள் இட்லி, குழைந்த சாதம். அதற்கப்புறம் இளநீர், வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத காப்பி. நன்னாரி சர்பத், பீட்ரூட் ஜூஸ் கூடாது, உள்ளே போய்ப் பார்த்தால் ரத்தம்போல இருக்கும். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், குடல் கறுத்துப்போகும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை இதெல்லாம் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

"நேத்திலேர்ந்து பட்டினி சிஸ்டர், உள்ள ஒண்ணுமே இருக்காது" என்று பொடியைப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டியவர்கள் வருவார்கள். பட்டினி கிடந்தால் குடல் காலியாகிவிடாது. இன்னொரு வகை, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் தாத்தாமார். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா எங்க ஆத்தா வெளக்கெண்ணெய் குடுத்துப் பேதியாக வைக்கும். அது மாதிரியா தாயி?" என்று கேட்பார்கள். "அதே மாதிரிதான் தாத்தா. அப்ப வயித்தைக் கழுவுறதோட முடிஞ்சிரும், இப்ப உள்ள எட்டிப் பாக்கப்போறோம்" என்பேன். இவர்கள் மடமடவென்று குடித்துவிடுவார்கள், தகராறே கிடையாது. ஆனால் குடலைக் கழுவினாலே நோய் வராது என்று விளம்பரம் செய்து காசு பிடுங்குகிறார்களே, அதை நம்ப வேண்டாம். கழுவுவது பார்ப்பதற்காக மட்டுமே.

எந்த அறிவுரைத் தாளிலும் அச்சடிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்த மருந்தைக் குடித்தால் பத்துத் தடவைக்குக் குறையாமல் ஓட வேண்டியிருக்கும். வீட்டில் ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை என்றால்? கழிப்பறையே இல்லாமல் இருட்டினபிறகு கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்குகிற பெண் என்றால்? அவள் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு எங்கே போவாள்? குடிக்க மாட்டாள். குடித்தேன் என்று பொய் சொல்வாள். ஆகவே தேதி கொடுக்கும்போதே வீட்டில் கழிப்பறை உண்டா, எத்தனை பேர் என்று கேட்டுவிடுவேன். இல்லையென்றால் முந்தின சாயங்காலமே வார்டில் சேரச் சொல்வேன், அல்லது டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்வேன்.

இனி அறைக்குள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வோம். பெருங்குடல் சுமார் ஐந்தடி நீளம். இடப்பக்கம் கீழே அது வளைந்து வளைந்து கிடக்கும் இடத்தில் ஸ்கோப் முன்னே போகாமல் சுருளும். அந்த நேரத்தில் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிப்பது என் வேலை. எங்கே அழுத்துவது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் நோயாளிக்கு வலி பாதியாகக் குறையும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கவில்லை.

குடல்வாலின் சின்ன ஓட்டை திரையில் தெரிந்தால் பெருங்குடலின் தொடக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரு படம் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். உள்ளே போகும் வேகத்தில் பெருமை எதுவும் இல்லை. பாலிப்பைக் கண்டுபிடிப்பது திரும்பி வரும்போதுதான். குறைந்தது 6 நிமிடம் எடுத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 6 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட டாக்டர்கள், அவசரமாக வெளியே வந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமானவர்களிடம் பாலிப்புகளைக் கண்டார்கள். எங்கள் டாக்டர் வேகமெடுத்தால், "சார், நாலு நிமிஷம்தான் ஆச்சு" என்பேன். கடுப்பாகத்தான் பார்ப்பார். ஆனால் திரும்ப உள்ளே போவார்.

நல்ல குடலின் உட்புறம் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளவென்று, மெல்லிய ரத்தக் குழாய்கள் வலைபோல ஓட அழகாகவே இருக்கும். அதில் ஒரு மடிப்பின் ஓரத்தில் சிவந்த தலையும் சின்னக் காம்புமாக ஒன்று தொங்கினால் டாக்டர் "ஸ்னேர்" என்பார். மெல்லிய கம்பிச் சுருக்கு அது. ஸ்கோப்பின் வழியாக உள்ளே போய் விரியும். சுருக்கைப் பாலிப்பின் கழுத்தில் மாட்டுவது அவர். கைப்பிடியை இழுத்து மூடுவது நான். "க்ளோஸ்... மெதுவா... நிறுத்து." படக்கென்று இழுத்தால் காம்பு கரண்டில் கருகுவதற்கு முன்பே அறுந்து ரத்தம் பீறிடும். தளர விட்டால் நழுவிவிடும். கம்பி சதையைக் கவ்வும் அந்த இறுக்கம் விரலுக்குத் தெரியும், அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அப்புறம் டாக்டர் பெடலை மிதிப்பார், கம்பியில் கரண்ட் பாயும். காம்பு வெளுக்கும், பாலிப் விழும். அதை உறிஞ்சியோ பிடித்திழுத்தோ வெளியே கொண்டுவந்து ஃபார்மலின் குப்பியில் போட்டு, பெயரும் குடலில் எந்த இடம் என்பதும் எழுதி ஒட்டுவேன்.

அந்தக் குப்பியில் கிடப்பது பெரும்பாலும் அடினோமா, புற்றாக மாறக்கூடிய வகைப் பாலிப். எல்லா அடினோமாவும் புற்றாக மாறாது. ஆனால் பெருங்குடல் புற்றில் பெரும்பகுதி ஒரு காலத்தில் இப்படிப் பாலிப்பாக இருந்ததுதான், அது மாறுவதற்குச் சுமார் பத்து வருஷம் எடுத்துக்கொள்ளும். எல்லாப் புற்றுநோயுமா நமக்கு இத்தனை அவகாசம் தருகிறது? 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்ற இரண்டு அறுவைச் சிகிச்சை டாக்டர்கள் ஸ்கோப் வழியாகவே கம்பிச் சுருக்கு போட்டுப் பாலிப்பை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன் இதற்காகப் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்தாக வேண்டும். 1993இல் வந்த அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வு, இப்படி அடினோமாக்களை எடுத்துவிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்று வருவது எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது என்றது. 2012இல் அதன் தொடர்ச்சி, அந்த நோயால் சாவதும் 53 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. எங்கள் நோயாளிகளோ பில்லைப் பார்த்துவிட்டு, "கேன்சர் இல்லேன்னுட்டீங்க, அப்புறம் எதுக்கு இத்தனை ஆயிரம்?" என்று சண்டைக்கு வருவார்கள். நாளைக்கு வராமல் போன நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்!

"முந்தின ஆளுக்குப் போட்ட குழாயவா எனக்கும் போடுவீங்க?" என்று கேட்பவர்கள்மேல் எனக்கு மரியாதை. ஆமாம், அதே குழாய்தான். முதலில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று காற்று அடைத்துச் சோதிப்போம். பிறகு நொதி கலந்த சோப்புக் கரைசலில் போட்டு ஒவ்வொரு துளையிலும் பிரஷ் விட்டுத் தேய்ப்போம். கிருமிநாசினியில் குறித்த நேரம் ஊறவைத்து, அலசி, ஸ்பிரிட் விட்டுக் காய வைத்துத் தொங்கவிடுவோம். கேளுங்கள், எந்த மருத்துவமனையிலும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆனால் இந்த அறைக்கு வருகிறவர்கள் வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரைப் பாருங்கள்: மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தால் எங்கள் பக்கம் யாரும் நோய் என்று நினைப்பதில்லை, உடம்புச் சூடு என்பார்கள். துத்திக்கீரையை விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுவார்கள். கருணைக்கிழங்கு, மோர், வெந்தயம் என்று வரிசையாகப் போகும். கேட்டால் நிஜமாகவே நின்றுவிட்டது என்பார்கள். மூலத்திலும் ரத்தம் விட்டு விட்டுத்தான் வரும், கட்டியிலும் விட்டு விட்டுத்தான் வரும். நின்றுவிட்டது என்பது எதற்கும் சாட்சி இல்லை.

டீக்கடை மாஸ்டர் ஒருவர், ஐம்பது வயதுகூட இல்லை. வருஷத்துக்கு மேல் ரத்தம் பட்டிருக்கிறது. சுவரொட்டி வைத்தியரிடம் ஊசி போட்டார். பிறகு ஒரு கிளினிக்கில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னதைக் கேட்டுவிட்டு ஆயின்மெண்ட் எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்திலும் அதே ஆயின்மெண்ட், வேறு கம்பெனி. ஒருவர்கூட அவரைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. எங்களிடம் வந்தபோது டாக்டர் ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் கையுறை மாட்டி ஒரு விரலை உள்ளே விட்டார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. மலக்குடலில் கல் மாதிரி கட்டி. விரல் எட்டும் தூரத்தில், ஒரு வருஷமாக. நம் நாட்டில் இந்த நோய் வருகிறவர்களில் மலக்குடலில் வருவது கணிசமான பங்கு, இளவயதினரும் மேலைநாடுகளைவிட அதிக விகிதத்தில் வருகிறார்கள். ஒரு கையுறையும் கொஞ்சம் ஜெல்லும் ஆகிற செலவு எவ்வளவு? நேரம் ஒரு நிமிடம். டாக்டருக்குக் கூச்சம், நோயாளிக்கும் கூச்சம். இருவரும் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறார்கள், நடுவில் கட்டி வளர்கிறது. மாஸ்டருக்குக் கதிர்வீச்சு, கீமோ, ஆபரேஷன் எல்லாம் ஆகி, வயிற்றில் பை வைத்துக்கொண்டு இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். டீ ஆற்ற மட்டும் நிற்க முடியவில்லை என்பது அவருடைய வருத்தம்.

வலப்பக்கக் கட்டி இன்னும் கள்ளத்தனமானது. ரத்தம் கண்ணுக்கே தெரியாது, மலத்தோடு கலந்து கசிந்து போய்க்கொண்டே இருக்கும். அசதி, படியேறினால் மூச்சு வாங்கும், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 என்று வரும். "வயசான பொம்பளைக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்" என்று டானிக் வாங்கிக் கொடுத்து, அப்புறம் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புச் சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தால் அந்த ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கலாம். ஏற்றுவதற்கு முன் எங்கே போகிறது என்று கேட்க வேண்டாமா? அமெரிக்கக் கணக்குப்படி, குடலைத் தாண்டாத கட்டியோடு வருபவர்களில் 10 பேருக்கு 9 பேர் ஐந்து வருஷம் தாண்டி இருக்கிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவியபின் வந்தால் 10 பேருக்கு 2 பேர்கூடத் தேறுவதில்லை. இடையில் கரைந்துபோவது மாதங்கள்தான், அந்த மாதங்கள் டானிக்கிலும் ஆயின்மெண்டிலும் போகின்றன.

கூச்சத்தை உடைத்த ஒருவரைப் பற்றி டாக்டர் அடிக்கடி சொல்வார். கேட்டி கூரிக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர். 1998இல் அவருடைய கணவர் 42 வயதில் பெருங்குடல் புற்றில் இறந்தார். 2000இல் அவர் தன்னுடைய கோலனோஸ்கோப்பியைத் தொலைக்காட்சியில் ஊர் பார்க்கக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடினார்கள். நம்மூர் நட்சத்திரங்கள் நகைக்கடை விளம்பரங்களிலிருந்து கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் புண்ணியம்.

அப்படியானால் எல்லாரும் 45 வயதானால் கோலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டுமா? அமெரிக்காவில் 2021 முதல் பரிசோதனை வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் வீட்டுக்கே தபாலில் சின்னக் குப்பி வரும், மலத்தில் துளி எடுத்துத் திருப்பி அனுப்பினால் அதில் மனித ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் மட்டும் ஸ்கோப். இந்தியாவில் அரசு பரிசோதித்துப் பார்ப்பது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுகள் மூன்றையும்தான். நம்மிடம் அவற்றைவிடப் பெருங்குடல் புற்று குறைவு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. எல்லாருக்கும் ஸ்கோப் போட இங்கே ஸ்கோப்பும் இல்லை, போடத் தெரிந்த ஆளும் இல்லை. ஒரு தொந்தரவும் இல்லாதவர், வசதி இருந்தால், டாக்டரைக் கேட்டு அந்த மலப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும் என்பது என் கட்சி. பெரிய லேபுகளில் செய்கிறார்கள். கண்ணுக்கு ரத்தம் தெரிந்தவருக்கு அது போதாது, நேரே ஸ்கோப்தான். முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் சிஇஏ என்று ஒரு ரத்தச் சோதனையைச் சேர்த்துக் கேன்சர் இருக்கா இல்லையா என்று சொல்வதாக விற்கிறார்கள். ஏற்கெனவே நோய் உள்ளவரைத் தொடர்ந்து கவனிக்கத்தான் அது உதவும். ஆரம்ப நோயில் பெரும்பாலும் அது ஏறியே இருக்காது, சிகரெட் பிடிப்பவருக்கு நோயில்லாமலே ஏறியிருக்கும். அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. சிகரெட், சாராயம் இரண்டும் இந்த நோய்க்கும் காரணம். தொப்பையும் உட்கார்ந்தே இருப்பதும் காரணம். நார்ச்சத்துள்ள சாப்பாடு நல்லது. பதப்படுத்திய இறைச்சி புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது. சாசேஜ், சலாமி அந்த வகை. ஆனால் கேழ்வரகுக் கூழே குடித்து வளர்ந்தவரின் குடலிலும் கட்டியைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு மிகவும் கஷ்டமான வேலை, நோயாளியின் பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் வரவழைப்பதுதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தியோ அப்போது பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்கு 44இல் என்றால் மகனுக்கு 34இல். சில குடும்பங்களில் மரபணுக் கோளாறால் இருபதுகளிலேயே பார்க்க ஆரம்பிக்க வேண்டியிருக்கும்; நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும் குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே. இதைச் சொன்னால், "மெதுவாப் பேசுங்க சிஸ்டர், கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். கேஸ் ஷீட்டில் 'வயிற்றுப் புண்' என்று எழுதச் சொன்னவர்களும் உண்டு. மூத்தவனுக்கு வந்ததைத் தம்பிக்கே சொல்லாமல் மறைத்து, ஆறு வருஷம் கழித்துத் தம்பியும் இதே படுக்கையில் வந்து படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மறைக்காமல் சொன்னவளும் உண்டு. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், என் சனத்தில் எல்லாரும் குடல் புற்றிலும் கர்ப்பப்பைப் புற்றிலும்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற டாக்டரிடம் சொன்னாள். அப்படியே இளவயதில் கர்ப்பப்பைப் புற்றில் இறந்தாள். அவர் அதை அலட்சியம் செய்யாமல் அந்தக் குடும்பத்தையே தொடர்ந்து குறித்துவைத்து 1913இல் வெளியிட்டார். 1960களில் ஹென்றி லிஞ்ச் அதே மாதிரிக் குடும்பங்களை ஆராய்ந்தார், இன்று அந்தப் பரம்பரை நோய்க்கு அவர் பெயர்தான். எழுதப்படிக்கத் தெரியாத எத்தனையோ ஆத்தாமார், "எங்க வம்சத்துக்கே இந்த வயித்துக் கோளாறு" என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் வயிற்றில் கட்டி என்றோ, ரத்தம் ரத்தமாகப் போனது என்றோ செத்துப்போன பெரியப்பாவோ சித்தியோ இருந்தால், அது என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று விவரம் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துப்போங்கள்.